வந்தாறுமூலையிலிருந்து கோணேசபுரிக்கு: கிடைக்காமல் போன ஒரு வளாக மாற்றம்

2024 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் உயர்தரத்தில் வணிகப் பிரிவு படித்த மாணவி ஒருத்தி தாயையும் கூட்டிக்கொண்டு திருகோணமலையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். தாயின் வலது காலில் கட்டுப் போட்டிருந்தது. கதிரையில் உட்கார வைத்துக் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தபிறகுதான் அவள் கையிலிருந்த காகிதத்தை நீட்டினாள். பீடாதிபதிக்கு எழுதிய கடிதம். ஒன்றரைப் பக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகமான, மட்டக்களப்பு மாவட்டத்து வந்தாறுமூலையில் படிக்கும் தன்னை, கோணேசபுரியில் இருக்கும் அதன் திருகோணமலை வளாகத்துக்கு மாற்றித் தரும்படி கேட்டிருந்தாள்.

"ஒரே யுனிவர்சிட்டிதானே சேர். அங்க இருந்து இங்க மாத்தி எடுக்கலாம்தானே?"

எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. கடிதத்தைத் திருத்தி, பொருள் வரியை எழுதிக் கொடுத்தேன். அடுத்த மூன்று மாதம் நாங்கள் இருவரும் அந்தத் 'தானே'யின் பின்னால்தான் அலைந்தோம். அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன். மூதூர்ப் பக்கத்து ஒரு கிராமம் என்பது போதும்.

அவளுக்குத் தகப்பன் இல்லை. தாய்க்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம். தம்பி ஒருவன் சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தான். 2022 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் நடந்தது. பெறுபேறு அந்த ஆண்டு செப்டெம்பரில் வந்தது. பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பி, வெட்டுப்புள்ளி (தெரிவாகத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி) வந்து, அவள் வகுப்பில் போய் உட்கார்ந்தபோது பரீட்சை எழுதி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் வீடு மாறிவிட்டது. விண்ணப்பம் நிரப்பியபோது தாய் இடியப்பம் அவித்து விற்றுக்கொண்டிருந்தார். மகள் முதல் செமஸ்டரை முடிக்கும்போது அவர் காலில் ஆறாத புண்ணோடு கட்டிலில் இருந்தார்.

விண்ணப்பம் நிரப்பிய அன்று

இந்தச் சம்பவத்தில் தவறு எங்கே நடந்தது என்று தேடினால், அது என் வீட்டு மேசைக்குத்தான் வந்து நிற்கிறது. விருப்பத் தெரிவு ஒழுங்கை நிரப்பிய அன்று அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன் நான்.

வெளியூர் வாசகர்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் அரச பல்கலைக்கழகங்களுக்கு மாணவரைத் தெரிவு செய்வது அந்தந்தப் பல்கலைக்கழகம் அல்ல, கொழும்பில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. ஒவ்வொரு கற்கைநெறிக்கும், அது எந்தப் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது என்பதையும் சேர்த்து, தனித்தனிக் குறியீடு உண்டு. பிள்ளைகள் அதை யூனி கோட் என்பார்கள். மாணவர் தனக்கு விருப்பமான குறியீடுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வரிசைப்படுத்த வேண்டும். உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளிக்கு எட்டக்கூடியவற்றில் எது வரிசையில் மேலே இருக்கிறதோ அது கிடைக்கும். மேலே எழுதியது கிடைத்தபின் கீழே எழுதியதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முகாமைத்துவம் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, பேராதனை என்று வழக்கமாக எல்லாரும் எழுதுகிறபடி மேலே எழுதினோம். பிறகு யாழ்ப்பாணம். பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்து முகாமைத்துவம், அதாவது வந்தாறுமூலை. அதற்கும் கீழே, இடையில் இன்னும் இரண்டு மூன்றை விட்டு, முகாமைத்துவக் கற்கைகள் என்று ஒன்று. அதன் பெயருக்குப் பின்னால் டி, வி என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் வரும். திருகோணமலை, வவுனியா என்ற இரண்டு ஊர்களின் முதலெழுத்துகள் அவை. கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகத்தில் அவள் படித்திருக்கக்கூடியது அதுதான்.

ஏன் அதைக் கீழே போட்டோம்? 'மெயின் கம்பஸ் பெரிசு, பேர் இருக்கு' என்று யாரோ சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். "அம்மாவுக்குச் சுகமில்லாமல் போனால் யார் பார்ப்பது?" என்ற கேள்வியை அன்று நான் கேட்கவில்லை. இசட் புள்ளியைக் கேட்டேன், பாடத்தைக் கேட்டேன், எந்தத் தொழில் வேண்டும் என்று கேட்டேன். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது ஒரு வணிகப் பாட ஆசிரியன் கேட்கிற கேள்வியாக எனக்குப் படவில்லை. அவளுடைய புள்ளிக்கு இரண்டுமே கிடைத்திருக்கும். வெட்டுப்புள்ளிப் பட்டியலை எடுத்துப் பிறகு பார்த்தேன். வரிசையில் அந்த இரண்டு குறியீடும் இடம் மாறியிருந்தால் அவள் கோணேசபுரியில் படித்திருப்பாள்.

'கம்பஸ்' என்ற சொல்

எங்கள் பக்கத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போவதையே 'கம்பஸ் போறது' என்போம். அந்தச் சொல் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. வந்தாறுமூலை கம்பஸ், திருகோணமலை கம்பஸ், இரண்டும் கிழக்குப் பல்கலைக்கழகம், ஆகவே ஒரு வீட்டின் இரண்டு அறைபோல என்று மனது நினைத்துக்கொள்கிறது.

பட்டத்தில் வரும் பல்கலைக்கழகப் பெயர் ஒன்றுதான். உபவேந்தர் ஒருவர், மூதவை ஒன்று. ஆனால் வளர்ந்த வழி வேறு. மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1981 இல் தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. திருகோணமலையில் 1993 இல் வந்தது இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி. அது 2001 இல்தான் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமானது. அதற்கென்று ஒரு வளாக முதல்வர், அதற்கென்று பீடங்கள். பிரயோக விஞ்ஞானம் ஒரு பீடம், தொடர்பாடலும் வணிகக் கற்கைகளும் ஒரு பீடம். சித்த மருத்துவம் அங்கேதான் இருக்கிறது, வந்தாறுமூலையில் இல்லை. விவசாய பீடம் வந்தாறுமூலையில் இருக்கிறது, கோணேசபுரியில் இல்லை. முகாமைத்துவம் இரண்டு இடத்திலும் இருப்பதால்தான் எங்களைப் போன்றவர்களுக்குக் குழப்பம். பெயர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. பாடத்திட்டம் வேறு, குறியீடு வேறு, வெட்டுப்புள்ளி வேறு.

இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1972 முதல் 1978 வரை நாட்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கொழும்பும் பேராதனையும் மற்றவையும் அதன் வளாகங்கள். 1974 இல் வந்த யாழ்ப்பாணமும் அப்படித்தான். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தோடு அவை தனித்தனிப் பல்கலைக்கழகங்களாகின. என்னுடைய பெரியப்பா அந்தக் காலத்து ஆள். 'பேராதனைக் கம்பஸ்' என்றுதான் கடைசிவரை சொன்னார்.

வந்தாறுமூலைக்குப் போனது

கடிதம் அனுப்பி மூன்று கிழமையாகியும் பதில் வராததால் நேரே போய்க் கேட்போம் என்று முடிவெடுத்தேன். விடிய நாலரைக்கு எழும்பித் திருகோணமலையில் பஸ் ஏறினேன். மூதூரில் அவள் ஏறிக்கொண்டாள். இந்தப் பாதையில் நான் பல வருடங்களாகப் பயணம் செய்கிறேன். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கே 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் தண்ணீரைக் கடப்போம். இப்போது வெருகல், கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி என்று வழி நெடுகப் பாலங்கள். பிள்ளை ஜன்னலோரம் இருந்து என்னிடம் ஒன்றைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் இந்தப் பாதையால் வீட்டுக்கு வரும்போது வெருகல் ஆற்றைத் தாண்டினால்தான் தனக்கு மூச்சு வரும் என்றாள். அது மாவட்ட எல்லை.

நிர்வாகக் கட்டடத்தில் ஒரு அலுவலர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். பொறுமையானவர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: "இது பல்கலைக்கழகத்துக்குள் நடக்கிற இடமாற்றம் இல்லை. பிள்ளை படிப்பது ஒரு கற்கைநெறி, கேட்பது இன்னொரு கற்கைநெறி. அனுமதி கொடுத்தது ஆணைக்குழு. பீடாதிபதியோ உபவேந்தரோ நினைத்தால்கூட ஒரு பீடத்திலிருந்து பெயரை வெட்டி இன்னொரு பீடத்தில் எழுதிவிட முடியாது."

நான் விடவில்லை. "தாய்க்குச் சுகமில்லை, மருத்துவச் சான்றிதழ் இருக்கிறது, கிராம சேவகர் கடிதம் இருக்கிறது, பிரதேச செயலாளர் ஒப்பமும் வைத்திருக்கிறார்" என்றேன். அவர் அவற்றையும் வாங்கிப் படித்தார். பிறகு கேட்டார்: "சேர், அங்கே ஓரிடம் இவவுக்குக் கொடுத்தால் அந்த இடம் யாருடையது?"

அந்தக் கேள்வியை நான் பஸ்ஸில் திரும்பும்போதுதான் முழுதாக விளங்கிக்கொண்டேன். எங்கள் தெரிவு முறையில் ஒரு கற்கைநெறியின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைக்கேற்பப் பிரியும். மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அதில் ஒன்று. ஆகவே வகுப்பறையில் ஒவ்வொரு கதிரைக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கோணேசபுரியில் ஒரு கதிரையைக் கூட்டினால், அந்தக் கதிரைக்காக வரிசையில் நின்று சொற்பப் புள்ளியில் தவறவிட்ட இன்னொரு பிள்ளை இருக்கிறாள். அவள் வெருகலிலோ குச்சவெளியிலோ இருக்கலாம். அவளுக்கும் ஒரு தாய் இருக்கலாம். வந்தாறுமூலையில் இவள் விட்டுப்போகிற கதிரையும் செமஸ்டர் நடுவில் யாருக்கும் உதவாமல் வெறுமையாகக் கிடக்கும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு கற்கைநெறிக்கும் வெட்டுப்புள்ளி ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறாக வரும். உள்ளே வந்தபின் மாறிக்கொள்ளலாம் என்று வைத்தால், எதில் புள்ளி குறைவோ அதன் வழியாக நுழைந்து மற்றதுக்குத் தாவுவார்கள். பிறகு வெட்டுப்புள்ளி என்பதற்கே பொருள் இல்லாமல் போகும். சட்டம் இரக்கமில்லாதது என்று காலையில் நினைத்துக்கொண்டு போனவன், முகம் தெரியாத ஒரு பிள்ளையை அது காக்கிறது என்ற எண்ணத்தோடு மாலையில் திரும்பினேன். ஆனால் என் பக்கத்தில் இருந்த பிள்ளையின் முகம் எனக்குத் தெரிந்த முகம். அவள் மூதூர் வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

மாற்றம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே ஒரு கல்வியாண்டுக்கு 30 மதிப்பலகுகள் என்பது பொதுவான கணக்கு. பிள்ளைகள் கிரெடிட் என்பார்கள். மூன்று வருடப் பட்டத்துக்கு 90, நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. வந்தாறுமூலையில் அவள் எடுத்த பாட அலகுகள் கோணேசபுரியின் அட்டவணையில் அப்படியே போய் உட்காரா. புதிதாக முதலாம் வருடத்திலிருந்து அடுத்த பெட்ச்சோடு தொடங்க வேண்டி வந்திருக்கும். ஒரு வருடம் போயிருக்கும். இந்தக் கணக்கை நான் கடிதம் எழுதும் முன்பே போட்டிருக்க வேண்டும்.

மற்ற இடங்களில்

'கல்லூரி மாறுவது' என்று இணையத்தில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் பலர். சென்னைப் பல்கலைக்கழகம்போல, தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகள் உள்ள அமைப்பில், பாடத்திட்டமும் பரீட்சையும் பல்கலைக்கழகத்தினுடையவை. கல்லூரிகள் பல, படிப்பு ஒன்று. அப்படி இருக்கும் இடத்தில் கல்லூரி மாற்றம் என்பது வகுப்பறையும் கட்டணப் பற்றுச்சீட்டும் மாறுவதுதான். கேம்பிரிட்ஜிலும் ஒக்ஸ்ஃபோர்டிலும் கல்லூரி என்பது தங்குமிடமும் சிறு குழுவாகக் கற்பிக்கும் இடமும். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். அங்கே சுலபமாக மாறலாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாறினாலும் படிக்கிற பாடம் அதேதான். எங்களிடம் இடம் மாறினால் பாடமே மாறுகிறது. இதைத் தெரியாமல் அந்த ஊர் அனுபவத்தை இங்கே கொண்டுவந்து பொருத்தினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மூன்று முடிச்சு

வந்தாறுமூலையிலிருந்து வந்த அடுத்த கிழமை அவளை மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை கடிதம் எதுவும் எழுதவில்லை. ஏன் மாற வேண்டும் என்று மட்டும் கேட்டேன். முதலில் "அம்மா" என்றாள். நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "காசும் காணாது சேர்" என்றாள். அப்போது மாதம் 5000 ரூபாய்தான் மகாபொல உதவித்தொகை. அதில் சாப்பாடு, ஃபோட்டோகொப்பி, கிழமைக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து போகிற பஸ் காசு. அப்புறம், தலையைக் குனிந்துகொண்டு மூன்றாவதைச் சொன்னாள்.

"இங்கிலிஷ்ல ஒண்டும் விளங்குதில்ல சேர்."

உயர்தரத்தில் கணக்கீடு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வருமதி, சென்மதி, பெறுமானத் தேய்வு, பேரேடு என்று தமிழில் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அதே விஷயத்தை விரிவுரையாளர் ஆங்கிலத்தில் சொல்லும்போது, தெரிந்த கணக்கையே தெரியாதவள்போல இருந்துவிட்டு வந்திருக்கிறாள். செமஸ்டர் நடுவில் வைத்த பரீட்சையில் கடைசி நாலைந்து பேருக்குள் வந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்த பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில்தான் விஷயத்தின் மையம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த மூன்றில் எது வந்தாறுமூலையில் இருக்கிறது, எது அவளோடு கோணேசபுரிக்கும் கூடவே வரும்? ஆங்கிலம் கூடவே வரும். அங்கேயும் முகாமைத்துவம் ஆங்கிலத்தில்தான். காசுப் பிரச்சினை பாதி குறையும், முழுதாகத் தீராது. அவள் ஊரிலிருந்து கோணேசபுரிக்கு ஒரு பஸ்ஸில் திருகோணமலை வந்து, நிலாவெளிப் பாதையில் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். நாளாந்தம் போய் வந்தால் பஸ்ஸுக்கே போய்விடும். திருகோணமலையில் அறை எடுத்தால் வந்தாறுமூலை விடுதியைவிடச் செலவு. ஆக, மாறினால் உண்மையில் தீரக்கூடியது தாயின் பிரச்சினை மட்டும்.

அதையும் பிரித்துப் பார்த்தோம். தாய்க்கு என்ன தேவை? இரவில் துணை. அதற்குச் சின்னம்மா இரண்டு வீடு தள்ளி இருக்கிறார், தம்பியும் வீட்டில் இருக்கிறான். மருந்தும் ஊசியும் தாயே பார்த்துக்கொள்கிறார். உண்மையான சிக்கல், புண்ணுக்கு மருந்து கட்ட கிழமைக்கு இரண்டு நாள் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. காலில் கட்டோடு பஸ்ஸில் தனியாகப் போக முடியாது, தம்பி பள்ளிக்கூடம் விட்டுக் கூடப் போக வேண்டியிருந்தது. தம்பியின் படிப்பு கெடுகிறதே என்ற பதற்றம்தான் அவளை வகுப்பில் உட்காரவிடாமல் செய்திருக்கிறது. தான் திருகோணமலையில் படித்தால் அந்த இரண்டு நாளும் தானே கூட்டிப் போகலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

சரி, மருந்து கட்டுவதற்குத் திருகோணமலை வரை ஏன் போக வேண்டும்?

இந்தக் கேள்வியை முதல் நாளே யாரும் கேட்கவில்லை. நானும்தான். அடுத்த கிளினிக் நாளில் நான் அவர்களோடு போய், வைத்தியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு துண்டுக் கடிதம் எழுதித் தந்தார். மருந்து கட்டுவதை மூதூர் ஆதார வைத்தியசாலையில் செய்யலாம், சீனிக்கான கிளினிக்கையும் அங்கேயே மாற்றலாம், புண்ணைப் பார்க்க மட்டும் அவர் சொல்லும் திகதிக்குத் திருகோணமலை வந்தால் போதும் என்றார். பத்து நிமிடத்தில் முடிந்தது. மூன்று மாதம் வளாகத்தை மாற்ற முயன்றோம், கடைசியில் மாறியது கிளினிக்.

மூதூருக்குச் சின்னம்மா முச்சக்கரவண்டியில் கூட்டிப் போய் வருகிறார். தம்பி பள்ளிக்கூடத்துக்குப் போகிறான்.

படிப்புப் பக்கம்

ஆங்கிலத்துக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, அவளேதான் செய்தாள். ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து நடுவில் கோடு போட்டாள். இடது பக்கம் விரிவுரையில் காதில் விழுந்த ஆங்கிலச் சொல், வலது பக்கம் தன் உயர்தரக் குறிப்பில் இருந்த தமிழ்ச் சொல். முதல் பக்கத்தில் பெறுமானத் தேய்வு. விடுமுறையில் கொண்டுவந்து காட்டியபோது எழுபது பக்கம் தாண்டியிருந்தது. சில இடங்களில் என்னைக் கேட்டாள். சில இடங்களில் நானே தடுமாறினேன். தமிழில் படிப்பித்தே இருபது வருடம் போய்விட்டது எனக்கு.

விடுதியில் மூத்த மாணவிகள் பரீட்சைக்கு முன் நடத்துகிற குப்பி வகுப்புகளுக்கும் போகத் தொடங்கினாள். முதலில் வெட்கத்தில் போகாமல் இருந்திருக்கிறாள். குப்பி என்றால் வெளியாருக்கு விளங்காது: படித்து முடித்த பாடத்தை மூத்தவர்கள் இளையவர்களுக்குத் தங்கள் மொழியில், தாங்கள் விட்ட பிழைகளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பது. காசு வாங்குவதில்லை. எங்கள் பல்கலைக்கழகங்களில் நடக்கிற மிக நல்ல காரியங்களில் அது ஒன்று என்று மனதாரச் சொல்வேன்.

விரிவுரைகளுக்கான வரவு குறைந்திருந்ததையும் பார்க்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் 80 வீத வரவு கேட்பார்கள். தாயை ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிப்போன சில நாட்களில் அவள் யாருக்கும் அறிவிக்காமல் வகுப்புக்குப் போகாமல் நின்றிருக்கிறாள். மாணவர் ஆலோசகராக இருக்கும் விரிவுரையாளரிடம் போய், மாற்றம் கேட்டு எழுதிய அதே சான்றிதழ்களைக் கொடுத்தாள். அவர் முதலில் கேட்டது, "ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் சொல்லயில்ல?" என்றுதான். பீடாதிபதிக்குக் கடிதம் எழுதும் முன் போயிருக்க வேண்டிய கதவு அது.

இடையில் இரண்டு யோசனை வந்துபோயின. உயர்தரம் மறுபடி எடுப்பது ஒன்று. பல்கலைக்கழகத் தெரிவுக்கு மூன்று தடவைதான். அவள் ஒரு தடவைதான் எழுதியிருந்தாள். ஆனால் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, நோயாளித் தாயோடு இன்னொரு வருடம் பரீட்சைக்குப் படிப்பதை அவளே வேண்டாம் என்றாள். வெளிவாரிப் பட்டம் மற்றது. வீட்டிலிருந்தே படிக்கலாம், ஆனால் கையில் இருக்கும் உள்வாரி இடத்தையும் மகாபொலவையும் கொடுத்துவிட்டு அதை எடுப்பது அவளுடைய நிலையில் சரியாகப் படவில்லை.

இதே விஷயத்துக்காக என்னிடம் வருகிற பெற்றோருக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஆணைக்குழுவின் மாணவர் கைநூல் ஒவ்வோர் ஆண்டும் வரும், மும்மொழியிலும் கிடைக்கும். மாற்றம், பதிவை ரத்துச் செய்வது, வெற்றிடம் நிரப்புவது பற்றிய விதிகளை அந்தந்த ஆண்டுக் கைநூலில்தான் படிக்க வேண்டும். போன வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நடந்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். பதிவு செய்வதற்கு முன் உள்ள சில நாட்களில் இருக்கிற சுதந்திரம், பதிவு செய்தபின் இல்லை. இடத்தைப் பற்றிய முடிவு உண்மையில் எடுக்கப்படுவது வரிசை நிரப்புகிற அந்த ஒரு மாலையில்தான்.

போன முறை பெறுபேறு வந்து, பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணையில் விண்ணப்பம் நிரப்பக் கூடியிருந்தபோது அவளும் விடுமுறையில் வந்திருந்தாள். மூன்றாம் செமஸ்டர் முடித்திருந்தாள். நான் வழக்கம்போல இசட் புள்ளிப் பட்டியலை விரித்தேன். அவள் பட்டியலைத் தொடவே இல்லை. கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பெடியனைப் பக்கத்தில் இருத்தி, "தம்பி, முதல்ல சொல்லுங்க. வீட்டில ஆர் ஆர் இருக்காங்க?" என்று கேட்டாள். அவன் வாப்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அவள் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.